மலைப்பாதைக்கு ஒரு பழைய பிக்கப்: பழுதுபார்க்கக் கற்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்

நீலகிரியில் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அதைத் தாமே சரிசெய்து தொழில் பழக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானட்டைத்தான் திறக்கிறார்கள். எஞ்சின் ஓடிவிட்டால் வண்டி தேறிவிட்டது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில் ஓடாத வண்டியால் யாருக்கும் தீங்கில்லை. நிற்காத வண்டியால்தான் தீங்கு. ஆகையால் மலையில் இந்தத் தொழிலைக் கற்பவர் சமவெளிப் பட்டறையின் வரிசையை அப்படியே பின்பற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலில் பிரேக், அதன்பின் சக்கரமும் ஸ்டியரிங்கும், பிறகு ரேடியேட்டரும் பேட்டரியும், எல்லாவற்றுக்கும் கடைசியில் எஞ்சின் என்ற வரிசையே இங்கு பொருந்தும்.

இதற்குக் காரணம் ஒரு சிறிய கணக்கில் தெரியும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். வண்டியும் லோடும் சேர்த்து இரண்டரை டன் என்று வைத்துக்கொண்டால், அந்த எடை 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிந்தால் உண்டாகும் வெப்பத்துக்குச் சமம். அதில் ஒரு பகுதியைக் கியரில் இருக்கும் எஞ்சினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்கின்றன. மீதி முழுவதும் பிரேக்கில்தான் வெப்பமாகிறது. ஓட்டுநர் நியூட்ரலில் இறக்கினால் எஞ்சின் வாங்க வேண்டிய பங்கும் பிரேக்கின் தலையில் வந்து விழுகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையடிவாரத்திலுள்ள கல்லாறு வந்து சேரும் வண்டிகளிலிருந்து, பிரேக்கில் உராயும் பட்டையான லைனர் கருகும் வாடை வீசுவது இதனால்தான்.

கற்பதற்கு எந்த வண்டி நல்லது என்று கேட்பவர்களுக்கு, கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லாத பழைய டீசல் பிக்கப்பையே நான் சொல்வேன். மஹிந்திராவின் 2,523 சிசி டிஐ (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) எஞ்சின் பொருத்திய பழைய பிக்கப்களோ, டாடா 207 வகையோ இதற்கு ஏற்றவை. இவற்றில் பெரும்பாலான பழுதுகளைக் கண்ணால் பார்த்தும், காதால் கேட்டும், கையால் தொட்டும் கண்டுபிடிக்கலாம்; உதிரிபாகங்கள் கோயம்புத்தூரில் தட்டில்லாமல் கிடைக்கும்.

வாங்குவதற்கு முன் எஞ்சினை விடவும், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸைக் கவனமாகப் பாருங்கள். கேத்தி, முத்தோரை பாலாடா பக்கங்களில் கேரட் ஏற்றிய வண்டியாக இருந்தால், கழுவிய கேரட் மூட்டைகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் வடிந்த நீர் பாடியின் தரைத்தகட்டு வழியே இறங்கி, குறுக்குச் சட்டங்களில் சேற்றோடு தங்கித் துருவை வளர்த்திருக்கும். சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடத்தில் ஒலி மழுங்கி, செதில் உதிரும். குறிப்பாக ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளுக்கு அருகிலும், ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடத்திலும் சட்டம் அரித்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. புதிதாகத் தொழில் பழகுபவர் வெல்டிங் வைத்து ஈடுகட்டக்கூடிய குறையல்ல அது.

கருவிகளுக்கு ஒரேயடியாகப் பெருந்தொகை செலவழிக்க வேண்டியதில்லை. 6-7 முதல் 20-22 வரையிலான ரிங் ஸ்பேனர் செட், அதே அளவுகளில் திறந்த வாய் ஸ்பேனர், ஒரு சாக்கெட் செட், கட்டிங் பிளேயர், நல்ல எஃகில் செய்த ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, சிறு இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர் ஆகியவை போதும். இறுகிய நட்டை எப்போதும் ரிங் ஸ்பேனராலோ சாக்கெட்டாலோ மட்டுமே முதலில் அசைக்க வேண்டும். திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் முனைகளை உருட்டிவிடும். மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் இந்த ஊரில் துருவேறாத நட்டே கிடையாது என்பதால் இந்த ஒழுங்கு மிக முக்கியம். துருவேறிய நட்டுக்கு முந்தின மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்துவிட்டு மறுநாள் கைவைத்தால் பாதிப் போராட்டம் மிச்சம்.

வண்டியைத் தூக்கும் இடம் சமதரையாக இருக்க வேண்டும். மலையில் வீட்டு வாசலே சரிவாக இருக்கும் என்பதால், இதற்கென்று ஓர் இடத்தை வெட்டிச் சமன்செய்வது செலவு பிடித்தாலும் தவறாமல் செய்ய வேண்டிய வேலை. ஈரமண்ணில் ஜாக்கி புதையும். அதன் அடியில் தடித்த பலகை ஒன்றைப் போடுங்கள். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை நம்பவே கூடாது, ஏனெனில் இவ்வகை வண்டிகளில் அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. தூக்கிய வண்டியை ஆக்ஸில் ஸ்டாண்டில் இறக்கி உட்காரவைத்த பிறகுதான் உடலின் எந்தப் பகுதியும் அடியில் போகலாம். ஜாக்கியை மட்டும் நம்பி, செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக்கொடுத்து அடியில் படுப்பவர்களை இன்றும் பார்க்க நேர்கிறது. அந்தக் கற்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கக்கூடியவை.

பிரேக் வேலையைப் பெடலிலிருந்து தொடங்குங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலைப் பலமுறை மிதித்து இறுக வைத்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கினால், மிதிக்கு வலுவூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் கட்டையாக நின்றால் அதற்குத் தேவையான வேக்குவம் (வெற்றிடம்) வரவில்லை என்று பொருள். பெடல் பஞ்சுபோல அமுங்கினால் பிரேக் ஆயில் குழாயில் காற்று இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே போனால், எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. முதல் மிதிப்பில் ஆழமாகப் போய், இரண்டாம் மூன்றாம் மிதிப்பில் மேலே வந்தால், பின்சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற கிண்ணத்துக்கும் அதனுள் இருக்கும் லைனருக்கும் இடைவெளி கூடியிருக்கக்கூடும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கிறது அல்லது எதிர்ச்சக்கரத்தில் எண்ணெய் படிந்திருக்கிறது. இந்த ஐந்து குணங்களையும் காலால் பிரித்தறியப் பழகிவிட்டால், எதைக் கழற்றுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பின் டிரம்மைக் கழற்றும்போது அது வராமல் அடம்பிடிக்கும். சுத்தியலால் ஓங்கி அடிப்பதற்கு முன், ஹேண்ட் பிரேக்கை முழுவதும் விடுவித்து, லைனரின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் திருப்பி, லைனரைச் சுருக்குங்கள். சில டிரம்களின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும்; அவற்றில் பொருத்தமான போல்ட் இரண்டைச் சமமாகத் திருகினால் டிரம் தானாகவே வெளியே வரும். உள்ளே படிந்திருக்கும் கருந்தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஸ்பிரிங்குகளும் கொக்கிகளும் எந்தத் துளையில் எப்படி மாட்டியிருக்கின்றன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பிரிக்காமல் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால், எதிர்ப்பக்கமே உங்களுக்கு மாதிரியாக இருக்கும்.

இப்போது உள்ளே இருப்பதைப் பொறுமையாகப் பாருங்கள். ரிவெட் அடித்த லைனராக இருந்தால், ரிவெட்டின் தலை லைனரின் மேற்பரப்பைவிடத் தெளிவாக உள்ளடங்கியிருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்கிவிட்டாலே மாற்றும் காலம் வந்துவிட்டது. லைனரை டிரம்மின்மேல் தள்ளும் வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் மூடியை நகத்தால் சற்றே தூக்கிப் பார்த்தால், அதனடியில் ஈரம் இருக்கிறதா என்பது தெரியும். சொட்டு நிற்குமளவு ஈரமிருந்தால் ரப்பர் கிட்டை மாற்ற வேண்டும். சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். லைனரில் கருப்பாக, கொழகொழப்பாக எண்ணெய் படிந்து, கியர் ஆயிலுக்கே உரிய கந்தக நெடி வந்தால், பழுது பிரேக்கில் இல்லை. ஆக்ஸில் ஆயில் சீல் போய்விட்டது. அந்த சீலை மாற்றாமல் புது லைனர் போடுவது வீண்செலவு. எண்ணெய் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மறுபடியும் மாட்டும் வழக்கத்தை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மாற்றும்போது இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரேக் சம்பந்தப்பட்ட எந்தப் பாகத்தையும் பழைய சாமான் கடையில் வாங்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி, கதவு, பம்பர் போன்றவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம்.

பிரேக் ரப்பர்களை டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் இவற்றில் எதிலும் கழுவக் கூடாது. அவை பட்டால் ரப்பர் ஊதிப் பருத்து, சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும். கழுவுவதற்கும் மாட்டும்போது தடவுவதற்கும் சுத்தமான பிரேக் ஆயிலையே பயன்படுத்துங்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றி மலைவாசிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 ஆகக் குறைந்துவிடுகிறது. டாட் 4 வகைக்கு இதே எண்கள் 230, 155. நீண்ட இறக்கத்தில் சக்கரங்கள் சூடேறி ஆயில் கொதித்தால், குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகிறது. திரவத்தைப்போல் அழுத்தத்தைக் கடத்தாமல் ஆவி சுருங்கிக்கொடுப்பதால், பெடல் தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. அரைமணி நேரம் ஆறிய பின் அதே பெடல் ஒன்றுமே நடக்காததுபோல் இறுக்கமாக இருக்கும், பட்டறையில் காட்டினால் குறை எதுவும் தெரியாது. ஆகவே ஆண்டு முழுவதும் மூடுபனியில் நிற்கும் வண்டிக்கு ஆண்டுக்கொருமுறை ஆயிலை முழுவதும் மாற்றிவிடுவதையே நான் வலியுறுத்துவேன். வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் எந்த வகை என்று அச்சிட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். திறந்து பலநாள் ஆன டப்பாவில் மிச்சமிருப்பதை ஊற்றாதீர்கள். வண்டியின் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

ஆயில் மாற்றிய பின் காற்றெடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் தேவை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வண்டிகளில் அது பொதுவாகப் பின் இடது. அடுத்து பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. சக்கரத்தின் பின்புறம் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளில் கண்ணாடிபோன்ற ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். கீழே இருப்பவர் "மிதி தம்பி" என்றால் மேலே இருப்பவர் மூன்று நான்கு முறை மிதித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சிருக்கேன் அண்ணே" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகே நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். குமிழும் ஆயிலும் சீறி வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்று சொன்ன பிறகே கால் மேலே வர வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்துவிட்டால், வெளியேற்றிய காற்று மறுபடியும் உள்ளே போய்விடும். இந்தச் சொல்லும் மறுசொல்லும் தவறாமல் நடப்பதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. இடையிடையே மாஸ்டர் சிலிண்டருக்கு மேலுள்ள டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். அது ஒருமுறை வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சக்கரமும் ஸ்டியரிங்கும் அடுத்தவை. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் வீல் பேரிங்கிலோ, சக்கரம் திரும்ப உதவும் மூட்டான பால் ஜாயிண்டிலோ கிங் பின்னிலோ இருக்கும். இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி அதே ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங்தான். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது வரும் ஆட்டம் பெரும்பாலும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனையுடையது. பின் ஸ்பிரிங் பட்டைகளை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தால், பட்டைகளை ஒன்றாகப் பிணைக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் இடம் மாறும். வளைவு மிகுந்த சாலையில் இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. கிரீஸ் நிப்பிள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, ஒன்றும் விடாமல் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள்.

குளிர்விப்பு அமைப்பில் உயரம் ஒரு சூட்சுமத்தை ஒளித்து வைத்திருக்கிறது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கு திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில்தான் திறக்கத் தொடங்குகிறது என்றால், இடையில் மிஞ்சுவது பத்து டிகிரி மட்டுமே. இந்த நெருக்கடியிலிருந்து எஞ்சினைக் காப்பது ரேடியேட்டர் மூடிதான். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி, அதே உயரத்தில் கொதிநிலையை ஏறத்தாழ 115 டிகிரிக்கு உயர்த்திவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் ஏற்றத்தில் வண்டி கொதிக்கும். சிலர் ரேடியேட்டரையே மாற்றிவிட்டு, பழைய மூடியைப் புதியதன்மேல் பொருத்திக்கொண்டு மீண்டும் கொதிக்கிறது என்று வருந்துகிறார்கள். விலை குறைந்த பாகத்தை முதலில் மாற்றிப் பாருங்கள். ஓடைத்தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றினால் துருவும் படிவும் தடைபடுவதோடு, தலைகுந்தாவில் உறைபனி விழும் இரவுகளிலும் கவலை இருக்காது. சூடான எஞ்சினின் மூடியை எந்த அவசரத்திலும் திறக்கக் கூடாது.

ஃபேன் பெல்ட்டையும் இதனுடன் சேர்த்தே பாருங்கள். இவ்வகைப் பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுக்கும் பம்ப் டைனமோவின் பின்புறத்தில்தான் இருக்கிறது. டைனமோவைச் சுற்றும் பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்பதோடு பூஸ்டரும் கைவிடும். மிச்சமிருக்கும் வேக்குவத்தில் சில மிதிப்புகள் மட்டுமே இலகுவாக இருக்கும், பிறகு முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டிவரும். எஞ்சினை அணைத்துவிட்டு டீசல் மிச்சம்பிடிக்க இறங்குவது ஏன் கொடிய பழக்கம் என்பதற்கும் இதுவே விடை. வெடிப்பு விட்ட பெல்ட்டை உடனே மாற்றுங்கள், ஒன்றைச் சீட்டுக்கடியில் கூடுதலாக வைத்திருங்கள்.

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்ல சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். எண்கள் சரியாக இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள எர்த் வயரின் முனையைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். காற்று வழியில் தீப்பந்தம் காட்டி ஸ்டார்ட் செய்யும் முறை வேண்டாம்.

உதகையில் கரும்புகை விடும் வண்டியைப் பார்த்ததும் டீசல் பம்ப்பில் கைவைக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குள் காற்று குறைவாகப் போகிறது, டீசல் அதே அளவு போகிறது, ஆகவே புகை சற்று கூடத்தான் செய்யும். முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், அதன்பின் மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை புகையைப் பாருங்கள். கீழேயும் அதே கருமை இருந்தால்தான் டீசலைத் தெளிக்கும் நாசிலைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். டீசல் ஃபில்டர் மாற்றிய பின் கைப்பம்ப்பை அடித்துக் காற்றெடுப்பது நீங்களே செய்யக்கூடிய வேலை. ஆனால் ஓடும் எஞ்சினில் உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தாதீர்கள்; அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது, அப்படி நேர்ந்தால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டீசல் பம்ப்பைப் பிரிப்பது, ஹெட் இறக்குவது, கியர் பெட்டி, டிஃபரன்ஷியல் ஆகியவற்றை முதல் ஆண்டில் தொடாதீர்கள். அவற்றை அனுபவமுள்ளவர் செய்யும்போது பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்பதே முறை. முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் என்ற இரண்டாண்டுப் பிரிவும், டீசல் மெக்கானிக் என்ற ஓராண்டுப் பிரிவும் இருக்கின்றன. பட்டறையில் கற்ற கைத்திறனோடு அந்தச் சான்றிதழும் சேர்ந்தால் வேலை தேடுவது எளிதாகும்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டத்தில் லோடு இல்லாமல், போக்குவரத்து குறைந்த சமமான சாலையில், நடந்து போகும் வேகத்தில் பலமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரு சிறிய இறக்கம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தை மாற்றாமல் கடைப்பிடியுங்கள். நிறுத்தியதும் நான்கு சக்கரங்களுக்கும் அருகில் புறங்கையை, தொடாமல், கொண்டுபோய் வெப்பத்தை உணருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் கொதித்தால் அங்கே லைனர் விடாமல் உராய்கிறது, அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். அதன்பின் அரை லோடு, அதன்பின் முழு லோடு. வணிகப் பயன்பாட்டில் எட்டு ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பதால், அதற்குக் கொண்டுபோகும் வாரத்தில் இந்தச் சோதனைகளை மறுபடியும் செய்துவிடுங்கள். முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியவுடன் வீல் நட்டுகளைக் குறுக்கு மறுக்காகவும், யூ போல்ட் நட்டுகளைச் சமமாகவும் மீண்டும் ஒருமுறை முறுக்கி, பிரேக் நிப்பிள்களின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு லோடு ஏற்றுங்கள்.